மிஷினைத் தேய்ப்பதற்கு முன் கடைக்காரரைக் கேளுங்கள்

தையல் மிஷினில் சாயக்கறை பட்டுவிட்டால் என்ன செய்வது என்று நம் காஞ்சிபுரத்தில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், பதினோரு வைத்தியம் சொல்வார்கள். தின்னர் போடு என்பார் பெயிண்ட் கடைக்காரர். பெட்ரோல் என்பார் மெக்கானிக். நகப்பூச்சு அழிக்கும் திரவம் என்று கல்லூரிப் பெண் சொல்வாள். பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை, பல் பசை என்று பட்டியல் வளரும். இந்தச் சாயம் ஏன் மிஷினுக்கு வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான். துணியில் இருக்க வேண்டிய சாயம் துணியை விட்டு இரும்புக்கு வந்திருக்கிறது. அதற்கு இரும்பைத் தண்டிக்கிறோம், இரும்பை வைத்துப் பிழைப்பவளையும் சேர்த்துத் தண்டிக்கிறோம்.

எங்கள் தெருவில் ரவிக்கை தைத்துக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் அம்மா வைத்திருந்த கருப்பு மிஷின்தான், காலால் மிதிப்பது. போன முகூர்த்த மாதத்தில் ஒரு கல்யாண வீட்டு அரக்குப் பட்டு ரவிக்கை தைத்திருக்கிறார். இஸ்திரி போடும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தார், எல்லாத் தையல்காரரும் செய்வதுதான். ஈரம் முழுசாகக் காய்வதற்குள் அடுத்த தையல். அதை முடித்துக் கொடுத்துவிட்டு, இன்னொரு வீட்டின் சந்தன நிறப் பட்டை மிஷினில் வைத்தார். அடியில் இருக்கும் பல், துணியைக் கடித்துக் கடித்துத் தள்ளுகிறதல்லவா, அந்தப் பல்லின் தடம் ஒவ்வொன்றும் ரோஜா நிறத்தில் வரிசையாக விழுந்துவிட்டது. சந்தனப் பட்டுக்காரர்கள் வந்து குதித்தார்கள். ரவிக்கைத் துணிக்கு இவர் கைப்பணம் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு ரவிக்கை தைத்த கூலி அதோடு போயிற்று. கோபத்தில் தின்னரை ஊற்றி மிஷினைத் துடைத்ததில், அதன் மேல் இருந்த தங்க நிறக் கொடியும் பூவும் பாதி கரைந்து துணியோடு வந்துவிட்டன.

"அம்மா ஞாபகமா அது ஒண்ணுதான் சார் இருந்தது" என்றார்.

"அந்த அரக்குப் பட்டு வித்த கடையிலே போய்க் கேட்டியாம்மா?" என்றேன்.

"அவங்களை எப்படி சார் கேக்கறது? நான் என்ன அங்க வாங்கினவளா?"

இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விற்றவர் நிம்மதியாக இருக்கிறார். வாங்கியவருக்கு விஷயமே தெரியாது. பட்டை நெய்தவருக்குச் சாயத்தோடு சம்பந்தமே இல்லை. நஷ்டக் கணக்கு முழுவதும் தையல்காரி தலையில்.

முதலில் மிஷின் விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் யாராவது ஒரு வீட்டில் தின்னர் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

பழைய கருப்பு மிஷினின் மேல்பூச்சு சாதாரண பெயிண்ட் இல்லை. தார் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பால்ட்டத்தை எண்ணெயோடு சேர்த்து, வார்த்த இரும்பின் மேல் பூசிச் சூளையில் சுட்டு எடுத்த கருப்பு அது. அதன் மேல் தங்கநிறப் படங்களை ஒட்டி, பல மிஷின்களில் அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்திருப்பார்கள். அரக்கு என்றால் நிறம் இல்லை, மரத்தில் பூச்சி வைக்கும் நிஜ அரக்கு. அது சாராய வகை எதிலும் கரையும். ஸ்பிரிட், நகப்பூச்சு திரவம், தின்னர் எது பட்டாலும் பூவும் கொடியும் போய்விடும். 2020-ல் கொரோனா வந்தபோது மகளிர் குழுக்கள் வீட்டு மிஷின்களில் முகக்கவசம் தைத்துத் தள்ளினார்கள், நினைவிருக்கும். அப்போது சுத்தம் என்று சொல்லி சானிடைசரை மிஷின் மேல் தெளித்துத் துடைத்தவர்கள் பலர். அதுவும் சாராயமே. எத்தனை பழைய மிஷின்கள் அந்த ஒரு வருஷத்தில் மொட்டையாயின என்று யார் கணக்கெடுத்தார்கள்?

வெள்ளை பிளாஸ்டிக் உடம்புள்ள புது மிஷினுக்கு வேறு ஆபத்து. அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக்கே இளகி மங்கிவிடும். பிளீச்சிங் தண்ணீர் எந்த மிஷினுக்கும் ஆகாது. அதிலிருக்கும் குளோரின் எஃகுப் பல்லையும் ஊசித் தட்டையும் துருவாக அரிக்கும். பிறகு ஒவ்வொரு துணியிலும் சாயத்துக்குப் பதில் துரு ஒட்டும், இரண்டில் துரு மோசம்.

சரியான வழி மிகவும் சாதாரணம், அதனால்தான் யாரும் நம்புவதில்லை. கருப்பு மிஷின் என்றால் மிஷின் எண்ணெயை மெல்லிய பழைய பருத்தித் துணியில் தொட்டு, கறைமேல் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, வேறு துணியால் துடையுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யலாம். வெள்ளை மிஷின் என்றால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். எதுவானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் மேலே தெரியும் கறையால் அதிகம் கெடுதல் இல்லை. கெடுதல் உள்ளே இருக்கிறது. ஊசித் தட்டின் இரண்டு திருகைக் கழற்றித் தூக்கிப் பாருங்கள். பல்லின் இடுக்கில் சாயம் தோய்ந்த பஞ்சு அடைந்து கிடக்கும். அதைச் சின்ன பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போதும் துருப்பிடிக்க. கழற்றிய ஊசித் தட்டை மட்டும் தனியாக வைத்து ஸ்பிரிட்டால் துடைக்கலாம். அது பூச்சில்லாத வெறும் எஃகு, ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிடுங்கள். பாபின் கேஸ், நூல் போகும் டென்ஷன் தகடுகள், ஃபுட்டின் அடிப்பாகம் எல்லாம் துடைத்து, ஊசியை மாற்றிவிட்டு, வெள்ளைக் கந்தல் துணியில் நூலில்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். கந்தல் வெள்ளையாகவே வெளியே வந்தால் வேலை முடிந்தது. அதற்கு மேலும் உடம்பில் மங்கலாக ஒரு கறை தெரிந்தால் தெரியட்டும். துணியில் ஒட்டாத கறையோடு எதற்குச் சண்டை? துணிக்கு அடியில் செய்தித்தாளை வைத்துத் தைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. அச்சு மை சாயத்துக்கு அண்ணன். வைப்பதானால் அச்சில்லாத வெள்ளைத் தாள் வையுங்கள்.

இனி சாயத்துக்கு வருகிறேன்.

"பட்டுன்னா கொஞ்சம் சாயம் போகத்தான் செய்யும்." காந்தி ரோட்டில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழும். எங்கள் ஆபீஸில் 'வழக்கம்போல்' என்று ஒரு குறிப்பு எழுதினால் கோப்பு அத்தோடு படுத்துவிடும், அந்த மாதிரி வாக்கியம் இது. பட்டின் இயல்பு சாயத்தை விடுவது அல்ல. பட்டு இழை புரதம். இன்றைக்குப் பெரும்பாலும் போடுகிற ஆசிட் சாயங்களைப் புரதம் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். பட்டு நூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை நீக்க வேண்டும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். பிறகு சாயத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, அசிட்டிக் அமிலம் சேர்த்து, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வைத்து, சாயம் இழைக்குள் போகும்வரை கழியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கப்புறம் அலச வேண்டும். ஒரு முறை இல்லை. தண்ணீர் தெளிவாக வரும்வரை. இழைக்குள் போகாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும் உபரிச் சாயம் போவதற்குத்தான் அந்த அலசல். அரக்கு, கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்ந்த நிறங்களில் இந்த உபரி அதிகம், அலசலும் அதிகம் வேண்டும்.

அலசலுக்குத் தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும், கூலி வேண்டும். இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும் நூல் கடையில் பளபளவென்று ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் தையல்காரி மிஷினில்தான் தெரியவரும். நாலாவது அலசலுக்குச் செலவு செய்யாமல் மிச்சம் பிடித்த காசை எங்கள் தெருப் பெண்மணி கட்டினார் என்று சொன்னால் அது அலங்காரம் இல்லை, நேர்க் கணக்கு.

சாயத் தொட்டியில் கை வெந்து நிற்கும் தொழிலாளியை நான் குறை சொல்லவில்லை. சொன்ன நாளுக்குள் சொன்ன கூலிக்குள் முடித்துக் கொடு என்று அவரை நெருக்குபவர் மேலே இருக்கிறார். நெசவாளரையும் சொல்ல முடியாது. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காருபவருக்குச் சாயம் போட்ட நூல்தான் கைக்கு வருகிறது. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வை போட்டு, இரண்டு நிறமும் சேருமிடத்தில் மயிரிழை பிசகாமல் பூட்டுகிறார் அவர். முதல் தண்ணீரிலேயே கரையின் சிவப்பு உடலுக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கோர்வைக்கு என்ன மரியாதை? சாயம் போகத்தான் செய்யும் என்று கடைக்காரர் சொல்லும்போது நெசவாளரையும் சேர்த்துத்தான் அவமானப்படுத்துகிறார்.

அப்புறம் இந்தக் கல் உப்பு வைத்தியம். புதுப் புடவையை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். பருத்திக்குச் சாயம் போடும்போது தொட்டியில் உப்புச் சேர்ப்பது உண்டு, சாயத்தை இழைப் பக்கம் தள்ளுவதற்கு. அங்கிருந்து வந்த நம்பிக்கை இது. சாயம் போட்டு முடித்து, தறியேறி இறங்கி, கடைக்கு வந்துவிட்ட துணியில் அந்த வேலை நடக்காது. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை சாயம் அடங்கினாற்போல் இருக்கும், நல்ல தண்ணீர் பட்டதும் தன் குணத்தைக் காட்டும். விற்றவர் செய்திருக்க வேண்டியதை நாம் வீட்டு வாளியில் செய்து முடிக்க முடியாது.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். படித்ததில் பாதி வாழ்க்கைக்கு உதவவில்லை, கிளார்க் வேலைக்குச் சுத்தமாக உதவவில்லை. ஒன்று மட்டும் இந்த விஷயத்துக்குப் பொருந்துகிறது. பதினான்காம் லூயி காலத்தில் கொல்பேர் என்று ஒரு மந்திரி. வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயரைக் கேட்டாலே எங்களுக்குத் தூக்கம் வரும், அத்தனை சட்டதிட்டம். அவர் காலத்தில், 1669-லும் 1671-லும், சாயக்காரர்களுக்கு விதிகள் வந்தன. நிற்கும் சாயம் போடுபவர் ஒரு வகுப்பு, அதற்குப் பெயர் 'கிராந்தேன்'. நிற்காத மலிவுச் சாயம் போடுபவர் இன்னொரு வகுப்பு, 'பெத்திதேன்'. (இந்தத் 'தேன்' நம் தேன் இல்லை, சாயம் என்று அர்த்தம்.) ஒரு வகுப்பார் இன்னொரு வகுப்பின் வேலையைச் செய்யக் கூடாது. சந்தேகம் வந்தால் துணியில் ஒரு துண்டை வெட்டிப் படிகாரமோ சோப்போ போட்டுக் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள், அந்தச் சோதனைக்கு 'தெபூயி' என்று பெயர். கவனியுங்கள், நிற்காத சாயத்தை அவர்கள் தடை செய்யவில்லை. மலிவாக வேண்டுமென்பவர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நிற்காததை நிற்கும் என்று சொல்லி நிற்கும் சாயத்தின் விலைக்கு விற்க முடியாது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மின்சாரமில்லாத ஊரில் முடிந்த காரியம் இது.

நிற்காத சாயத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எழுதுவீர்கள். நீலி விஷயம் தனி. அவுரி நீலம் இழையோடு ரசாயனமாகச் சேருவதில்லை, இழைக்குள் துகளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. தேய்த்தால் வரத்தான் செய்யும். ஜீன்ஸ் மடித்துத் தைத்த மிஷின் நீலமாவது அதனால்தான். எங்கள் புதுச்சேரியிலிருந்து 'கினே' என்ற நீலத்துணி கப்பல் கப்பலாகச் செனகலுக்குப் போய், அங்கே கோந்து வியாபாரத்தில் பணம் மாதிரியே புழங்கியது. சஹாராப் பக்கத்து மக்கள் நீலம் உடம்பில் ஒட்டுவதை அழகு என்றே வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தே வாங்கினார்கள். எங்கள் தெருப் பெண்மணி தெரிந்தா அந்த அரக்குப் பட்டைத் தொட்டார்?

இன்னொரு கதையும் உண்டு. 1958 வாக்கில் சென்னையிலிருந்து மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணி அமெரிக்காவுக்குப் போயிற்று. இதைக் குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்று ஏற்றுமதி செய்தவர் சொல்லித்தான் அனுப்பினாராம். அந்த வார்த்தை சட்டை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடையில் விற்ற சட்டையெல்லாம் துவைத்ததும் ஒன்றோடொன்று கலந்து ஓடியதாம். வழக்கு வரும் நிலையில், டேவிட் ஓகில்வி போன்ற விளம்பரக்காரர்கள் புகுந்து, சாயம் ஓடுவதே இதன் சிறப்பு, ஓடும் என்பதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து அதையே நாகரிகமாக்கிவிட்டார்கள் என்று துணி வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் அவர்கள்கூடக் கடைசியில் சாயம் ஓடும் என்று அச்சடித்துச் சொன்னார்கள். நம் கடைக்காரர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை.

அவர்கள் அச்சடிப்பது 'டிரை வாஷ் மட்டும்'. இது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வரி என்று யோசித்துப் பாருங்கள். டிரை வாஷில் தண்ணீரே கிடையாது, வேறு கரைப்பான். ஆசிட் சாயம் தண்ணீரில் கரையும், அந்தக் கரைப்பானில் அநேகமாகக் கரையாது. ஆகவே சாயம் நிற்காத புடவையும் டிரை வாஷில் பத்திரமாகவே இருக்கும், குட்டு உடையாது. ஆனால் ரவிக்கை உடம்பில் இருக்கிறது. சித்திரை மாதத்துக் கல்யாண மண்டபத்தில் வியர்வைக்கு டிரை வாஷ் என்று யார் சொல்வது? இஸ்திரிப் பெட்டி நீராவிக்கு யார் சொல்வது?

முத்திரைகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. புவிசார் குறியீடு இது காஞ்சிபுரத்துப் பட்டு என்கிறது. சில்க் மார்க் இது அசல் பட்டு என்கிறது. இரண்டும் தேவையானவை, நானும் பார்த்துத்தான் வாங்குகிறேன். அந்த அசல் காஞ்சிபுரத்துப் பட்டின் நிறம் அதிலேயே இருக்குமா என்பதற்கு இந்த இரண்டும் பதில் சொல்லாது. சோதனைக்கு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் துணிச் சாயத்துக்கென்று தனித்தனிச் சோதனை முறைகள் இருக்கின்றன, தேய்ப்புக்கு ஒன்று, துவைப்புக்கு ஒன்று, வியர்வைக்கு ஒன்று. தேய்ப்புச் சோதனை என்பது என்ன? வெள்ளைப் பருத்தித் துணியை அளவான அழுத்தத்தில் பத்து முறை முன்னும் பின்னும் தேய்த்து, எவ்வளவு நிறம் ஒட்டியது என்று சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மார்க் போடுவது. 5 என்றால் ஒட்டவே இல்லை. பள்ளிக்கூடப் பையன் செய்வான் இந்தச் சோதனையை.

நான் கேட்பது ஒரு வரி. முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பில்லில், நூல் எடை, ஜரிகை விவரம் போடுகிற இடத்துக்குக் கீழே, தேய்ப்புக்கு இத்தனை, தண்ணீருக்கு இத்தனை என்று மார்க் போட்டு ஒரு வரி. போட மனமில்லாவிட்டால் 'சாயம் போகும்' என்று இரண்டு வார்த்தை. அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் கல்யாண வீட்டார் அதைத் தையல்காரியிடம் சொல்லியிருப்பார்கள். அவர் தண்ணீர் தெளித்திருக்க மாட்டார், அந்த ரவிக்கையைக் கடைசியாகத் தைத்திருப்பார், தைத்து முடித்ததும் பல்லைத் துடைத்திருப்பார். ஓர் ஒற்றை வரியில் எல்லாம் தீர்ந்திருக்கும்.

வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாயம் ஒட்டிய துணியைத் தூக்கிக்கொண்டு தையல்காரியிடம் சண்டைக்குப் போவது சுலபம், அவர் தெருக்கோடியில் இருக்கிறார், ஏசினால் அழுவார். கடையில் ஏ.சி. இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். ஆனால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளின் குறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விஷயத்துக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம்கூடக் கிடையாது. பில்லும், சாயம் ஒட்டிய வெள்ளைத் துணியும், ஒரு வெள்ளைத்தாளில் மனுவும் போதும். மனு எழுதத் தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். வாழ்நாள் முழுக்க எழுதியது அது ஒன்றைத்தான்.

ஆவணி முகூர்த்தம் வருகிறது. கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து நன்றாகப் பிழிந்து கையோடு கொண்டு போங்கள். சேலையை விரித்துக் காட்டியதும் ரவிக்கைத் துணி ஓரத்தில், அடர்ந்த நிறம் இருக்கும் இடமாகப் பார்த்து, கேட்டுக்கொண்டே பத்து முறை தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் வந்தால் அதைக் கல்லாவில் இருப்பவரிடம் காட்டி, "இதைப் பில்லில் எழுதிக் கொடுப்பீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தேய்க்கவே விடாமல் கையைப் பிடித்தால், காந்தி ரோட்டில் அடுத்த கடைக்குப் பத்தடி தூரம்தான்.